பட்டறைப் பக்கம்: பெயின்ட் தோலுக்குள் போனால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பிளேடைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். பிளேடு பார்த்தாலே பயமுறுத்தும், அதனால் எல்லோரும் கொஞ்சமாவது தள்ளி நிற்பார்கள். மரப் பட்டறை நடத்துகிற எனக்குப் பெயின்ட் கன்னைப் பற்றித்தான் கவலை அதிகம். மதுரைக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை வாசகர்: நானும் மச்சானும் ஏர்லெஸ் மிஷின் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு நாங்களே பெயின்ட் அடிக்கப் போகிறோம். "கன் முன்னால கை வைக்காதீங்க" என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். தண்ணீர் கலக்கும் எமல்ஷன்தானே, பட்டால் கழுவிக்கொண்டால் போதாதா?

தோலுக்கு மேலே பட்டால் கழுவிக்கொள்ளலாம். ஏர்லெஸ்ஸில் அது தோலுக்குள்ளே போகும்.

கம்ப்ரசர் கன்னில் பெயின்ட்டைத் தூற்றுவது காற்று. 40, 50 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தால் வேலை நடக்கும். ஏர்லெஸ்ஸில் காற்றே கிடையாது. பெயின்ட்டையே 2,000, 3,000 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தி ஒரு சின்ன டிப் (பெயின்ட் வெளியே வரும் முனை) வழியாகத் தள்ளுகிறது. உங்கள் கார் டயரில் 30 சொச்சம்தான். அந்த டிப்புக்கு முன்னால் விரல் போனால், கையுறை போட்டிருந்தாலும், பெயின்ட் ஊசி போட்டதுபோல உள்ளே இறங்கும். விரலோடு நிற்காமல் உள்ளங்கை வரை ஓடவும் செய்யும்.

இதில் ஏமாந்துபோவது எங்கே என்றால், வெளியே ஒரு புள்ளி மட்டுமே தெரியும். முதலில் பெரிய வலியும் இருக்காது. அடிபட்டவர் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். ராத்திரி விரல் வீங்கி மரத்துப்போகும்போது உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். எமல்ஷன் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். தின்னர் கலந்த பெயின்ட் இன்னும் மோசம், அவ்வளவுதான்.

ஆகவே புள்ளி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. பிதுக்க வேண்டாம், ஐஸ் வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். முதல் ஆறு மணி நேரம் மிக முக்கியம். தெருமுனை கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட்டால் திருப்தியாகிவிடாதீர்கள். அறுவை சிகிச்சை நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், "ஹை பிரஷர் பெயின்ட் கையில் ஏறிவிட்டது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பெயின்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்பார்.

பெரும்பாலும் இது எப்போது நடக்கிறது தெரியுமா? அடிக்கும்போது அல்ல, டிப் அடைத்துக்கொண்டதும். கோபத்தில் விரலாலோ துணியாலோ துடைக்கப் போவார்கள். சரியான முறை இது: டிரிக்கர் லாக்கைப் போடுங்கள். டிப்பைப் பின்பக்கமாகத் திருப்புங்கள். லாக்கை எடுத்து, வாளிக்குள் ஒருமுறை அடித்தால் கசடு வெளியே வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால்தான் டிப்பைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் மிஷினை அணைத்து, குமிழைப் பிரைம் (பெயின்ட்டை வாளிக்கே திருப்பிவிடும் நிலை) பக்கம் திருப்பி, கன்னின் டிரிக்கரை வாளிக்குள் அழுத்தி, மிச்ச அழுத்தத்தை இறக்கி, மறுபடி லாக் போடுங்கள். கரண்ட் கட் ஆனாலும் இதையே செய்யுங்கள். மிஷின் நின்றாலும் ஹோஸுக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஹோஸில் கசிவு மாதிரி தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள்.

திருப்பூர் வாசகர்: எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஆசாரி நாலு இன்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு போட்டுத்தான் எல்லாம் அறுக்கிறார். பிளேடை மூடும் கார்டையும் கழற்றிவிட்டார். கேட்டால், "இருபது வருஷமா இப்படித்தான்" என்கிறார்.

அவர் கை நல்ல கை. ஆனால் மிஷினுக்கு அது தெரியாது.

நாலு இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உலோகம் தேய்க்கும் வீலுக்குப் பல் இல்லை. மர பிளேடின் பல் ஒரு முடிச்சிலோ ஆணியிலோ கடித்தால் மொத்த மிஷினும் ஆளின் பக்கம் எகிறும். பல மாடல்களில் சுவிட்சு தள்ளிவிட்டால் ஆன் நிலையிலேயே இருக்கிற வகை, கை நழுவினாலும் மிஷின் நிற்காது. கார்டும் இல்லையென்றால் பிளேடுக்கும் தொடைக்கும் நடுவில் வேட்டி ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், அதே மிஷினின் கார்டு மட்டும் ஆணி டப்பாவில் கிடக்கிறது!

மரத்துக்கு சர்குலர் சா வாங்கித் தரச் சொல்லுங்கள், அல்லது நீங்களே ஒன்று வாங்கி வையுங்கள். இரும்பு அறுக்கும் கட்டிங் வீலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். அது காலாவதி தேதி. வீலில் போட்டிருக்கும் வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஏழு இன்ச் வீலில் 8,500தான் போட்டிருக்கும், அதை புஷ் (துளையை நிரப்பும் வளையம்) வைத்துச் சின்ன மிஷினில் ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்த வீலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சேலம் வாசகர்: டிரில்லிங் மிஷினில் வேலை செய்யும்போது கையுறை போடலாமா?

மேஜையில் நிற்கிற பெரிய டிரில் என்றால் கூடாது. பிட் கையுறையின் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். துண்டு, துப்பட்டா, தொங்கும் முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய கயிறு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கும்பகோணம் வாசகி: என் கணவர் வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டில், கதவுகளுக்கு பி.யூ. (பாலியூரித்தேன் பாலிஷ்) ஸ்ப்ரே அடிக்கிறார். கொரோனா சமயத்தில் வாங்கிய மாஸ்க்கைத்தான் போடுகிறார். இரவில் இருமுகிறார், வேலை இல்லாத நாட்களில் இருமல் இல்லை. தின்னர் நெடிதான் காரணமா?

அம்மா, வேலை இல்லாத நாளில் இருமல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். நுரையீரல் டாக்டரைப் பார்ப்பது நல்லது, இந்த வாரமே.

நெடியைவிட எனக்கு ஹார்டனர் (பாலிஷை இறுக வைக்கக் கலப்பது) மேல்தான் சந்தேகம். பி.யூ.வில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். போபாலில் 1984இல் கசிந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள். பட்டறையில் இருப்பது அந்த விஷவாயு அல்ல, பயந்துவிடாதீர்கள். ஆனால் இதைச் சுவாசித்துச் சுவாசித்து ஒரு நாள் உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்த ஆஸ்துமா மாலையிலும் இரவிலும் தலைகாட்டுவது வழக்கம். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பி.யூ. வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வருமானம் போகுமே என்பார், தெரியும்.

துணி மாஸ்க் இதற்கு ஆகாது. என்-95 தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவியை உறிஞ்சும் டப்பி வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கிலும் சிக்கல் உண்டு. தின்னருக்கு நெடி இருப்பதால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் மூக்குக்குத் தெரியும், ஐசோசயனேட்டுக்கு அப்படி எச்சரிக்கை கிடையாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் சரி.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பல தின்னர்களில் டொலுயீன் இருக்கிறது. அது 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். கும்பகோணத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வராது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். கீழே சாமி விளக்கு, பிரிட்ஜ், சாதாரண எக்ஸாஸ்ட் பேன் என்று தீயோ பொறியோ தரக்கூடியது எது இருந்தாலும் ஸ்ப்ரேயை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் நல்லது. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். அது தானே சூடேறிப் பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

காரைக்குடி வாசகர்: தாத்தா காலத்துத் தேக்குக் கதவுகளில் பல அடுக்குப் பெயின்ட். சேண்டிங் மிஷினில் தேய்த்து எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தக் கதவின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மிஷின் அதை மாவாக்கி வளவு முழுக்கப் பரப்பிவிடும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இது விளையாட்டல்ல. ஹீட் கன்னும் வேண்டாம், சூடு அதிகமானால் ஈயப் புகை வரும்.

கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், ரிமூவர் தடவி, ஊறியதும் பட்டித் தகட்டால் வழியுங்கள். மிச்சத்தை வாட்டர் பேப்பரில் ஈரமாகவே தேயுங்கள். வழித்த கசடைப் பையில் கட்டிப் போடுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.