கிளப் கால்பந்துக்குக் கட்டும் பணம் கல்லூரி உதவித்தொகையாகத் திரும்புமா?

அமெரிக்காவில் மகள்களைக் கிளப் கால்பந்தில் சேர்த்திருக்கும் பெற்றோரின் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது. டிரையவுட் (தேர்வு ஆட்டம்) முடிந்து ஒரு கிளப்பின் ஈசிஎன்எல் (நாடு தழுவிய முன்னணி இளையோர் லீக்) அணியில் இடம் கிடைத்திருக்கிறது. வருடக் கட்டணம் மட்டும் 4,000 டாலருக்கு மேல். பயணச் செலவு தனி. "கல்லூரி ஸ்காலர்ஷிப்பில் எல்லாம் திரும்ப வந்துவிடும்" என்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: மகளுக்கு ஆட்டம் பிடித்திருந்து, கோச் நல்லவராக இருந்து, உங்களுக்கும் கையைக் கடிக்காது என்றால் தாராளமாகச் சேருங்கள். ஸ்காலர்ஷிப் வரும் என்று கணக்குப் போட்டுச் சேர்க்காதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேறுவதில்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடும் பெண்கள் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது; மேல்மட்டமான டிவிஷன் 1-ல் பெண்கள் கால்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் ஏறக்குறைய 350. நான்கு ஆண்டு மாணவிகளையும் சேர்த்தால் அங்கே ஆடுபவர்கள் பத்தாயிரம் பேர் அளவில்தான். நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர். அந்த இரண்டு மூன்று பேருக்கும் முழுப் பணம் கிடைப்பதில்லை என்பதைத்தான் கிளப் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

காரணம் இது. நீண்ட காலம் டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் என்பதே உச்ச வரம்பு. கோச் அதைப் பதினான்கு பேருக்கு முழுதாகத் தர வேண்டியதில்லை. 28, 30 பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதனால் ஒரு கோல்கீப்பருக்கு 70 சதவீதம், ஒரு பேக்கப் டிஃபெண்டருக்கு வெறும் புத்தகச் செலவு என்றெல்லாம் பிரிந்தது. அந்த 14-க்கே பணம் ஒதுக்காத கல்லூரிகளும் நிறைய இருந்தன. டிவிஷன் 2-ல் வரம்பு 9.9. டிவிஷன் 3-லும் ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் அறவே கிடையாது. என்ஏஐஏ என்ற தனி அமைப்பின் கீழுள்ள சிறிய கல்லூரிகளிலும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளிலும் கொஞ்சம் பணம் உண்டு. அந்தப் பக்கம் பலரும் பார்ப்பதே இல்லை, பார்க்க வேண்டும்.

2025 ஜூலை முதல் விதி மாறியது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற ரோஸ்டர் வரம்பு வந்துவிட்டது. கல்லூரி விரும்பினால் 28 பேருக்கும் முழுப் பணம் தரலாம். "இனி ஸ்காலர்ஷிப் இரட்டிப்பு" என்று கிளப்புகள் இதை விளம்பரப்படுத்துகின்றன. தரலாம் என்பது வேறு, தருவது வேறு. அதே சமரசப்படி 2025-26-ல் ஒரு கல்லூரி வீரர்களுடன் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வருவாயைப் பகிர அனுமதி கிடைத்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்பிலும் 25 லட்சம் டாலர் வரை அதே உச்சவரம்பில்தான் கழியும். பெண்கள் கால்பந்துக்குக் கூடுதலாக ஒதுக்க எல்லாக் கல்லூரிக்கும் மனமும் இல்லை, பணமும் இல்லை. இன்னொரு பக்கம், முன்பு 32 பேரை வைத்திருந்த அணி இப்போது 28-ல் நிற்க வேண்டும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து பிறகு முன்னேறும் பெண்களுக்கு இருந்த இடம்தான் முதலில் போனது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டலையும் (கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் பட்டியல்) கணக்கில் வையுங்கள். கல்லூரி மாறினாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. 17 வயதுப் பெண்ணா, வேறொரு கல்லூரியில் இரண்டு சீசன் ஆடிய 20 வயதுப் பெண்ணா என்று வந்தால், அடுத்த வருடமே ஜெயிக்க வேண்டிய கோச் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: கிளப்பின் சுவரில் "கல்லூரிக்குத் தேர்வானவர்கள்" என்று நாற்பது பெண்களின் படம் இருக்கிறது. அது பொய்யா?

பதில்: பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோரும் பணம் பெற்றவர்கள் இல்லை. டிவிஷன் 3-க்குப் போனவரும், ஒரு டாலர் விளையாட்டு உதவி இல்லாமல் அணியில் சேர்ந்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். கிளப் இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் இந்த அணியிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் எந்த டிவிஷனுக்குப் போனார்கள்? இரண்டாம் வருடமும் அணியில் இருந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேர் 12 வயதிலிருந்து இந்தக் கிளப்பில் வளர்ந்தவர்கள், எத்தனை பேர் 16 வயதில் வேறு கிளப்பிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பல கிளப்புகளில் 12 வயது அணியில் ஆரம்பித்தவர்களில் 17 வயது அணிவரை நீடிப்பவர்கள் சிலரே. ஒவ்வொரு டிரையவுட்டிலும் வெளியிலிருந்து ஆள் வருவார்கள், உள்ளே இருப்பவர்கள் இரண்டாம் அணிக்கு இறங்குவார்கள். அந்த இரண்டாம், மூன்றாம் அணிகள் கட்டும் கட்டணத்தில்தான் முதல் அணியின் கோச் சம்பளமும் மைதான வாடகையும் ஓரளவு ஓடுகின்றன. கிளப்பின் பெயர் ஒன்றே என்பதால் உங்கள் மகளின் அணி கல்லூரி கோச்சுகளின் கண்ணில் படும் என்று ஆகாது. கிளப்பில் முதல் அணி ஈசிஎன்எல் லீகில் ஆடலாம், அடுத்தது ஈசிஎன்எல் ரீஜனல் லீகில் ஆடலாம். பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் வேறு வேறு லீக். எதற்குக் கட்டணம் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், கட்டணத்துக்குள் என்ன அடங்கும் என்பதை. ஜெர்சி செட், கோல்கீப்பர் பயிற்சி, போட்டி நுழைவுக் கட்டணம், கோச்சின் பயணச் செலவில் உங்கள் பங்கு ஆகியவை பெரும்பாலும் தனி. யூனிஃபார்ம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும், எல்லோரும் புதிதாக வாங்க வேண்டும். வெளியூர் போட்டிகளில் "ஸ்டே டு ப்ளே" விதி வரும்: போட்டி நடத்துபவர் சொல்லும் ஹோட்டலில் தங்கினால்தான் அணிக்கு இடம். பக்கத்தில் 40 டாலர் குறைவாக அறை கிடைத்தாலும் எடுக்க முடியாது. தேசிய அளவு லீகுகளில் விமானப் பயணம் சேர்ந்தால் மொத்தச் செலவு கட்டணத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்காவது சாதாரணம். போன வருட அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு ஊருக்கும் நீங்களே செலவு போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, காயம். பெண்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அறுவை சிகிச்சை செய்தால் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், பன்னிரண்டு மாதம் ஆகும். ஒப்பந்தத்தில் "எக்காரணத்துக்கும் பணம் திரும்பாது" என்று இருந்தால் செப்டம்பரில் கால் போனாலும் மே வரை தவணை ஓடும். மருத்துவச் சான்று கொடுத்தால் மீதித் தவணை நிற்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சில கிளப்புகள் கேட்டால் சம்மதிக்கும், கேட்காதவருக்குத் தராது. பயிற்சிக்கு முன் ஃபிஃபா 11+ மாதிரியான வார்ம்-அப் செய்ய வைக்கிறார்களா என்று ஒரு நாள் போய் நின்று பாருங்கள். இருபது நிமிட வேலை, காயத்தைக் குறைப்பது ஆய்வில் நிரூபணமானது. இதைச் செய்யாத கிளப்புக்கு நாலாயிரம் டாலர் கட்ட எங்களுக்கு மனம் வராது.

மூன்றாவது, வயதுப் பிரிவு. 2026-27 சீசனிலிருந்து பெரும்பாலான அமைப்புகள் காலண்டர் வருடத்தை விட்டு, ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற பள்ளி ஆண்டுக் கணக்குக்கு மாறுகின்றன. மகள் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்தவள் என்றால் இப்போதைய அணியிலேயே இருப்பாளா, ஒரு பிரிவு கீழே வருவாளா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. பல கல்லூரிகளிலிருந்து "உன்னை எங்கள் ஐடி கேம்புக்கு அழைக்கிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது. ஒவ்வொன்றும் 200 டாலருக்குக் குறையவில்லை. போகலாமா?

பதில்: ஐடி கேம்ப் என்பது கல்லூரி கோச்சுகள் வீராங்கனைகளைப் பார்க்க நடத்தும் கட்டண முகாம். உங்களுக்கு வருவது அழைப்பு இல்லை, விளம்பரம். டிவிஷன் 1 கால்பந்து கோச் பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 வரை ஒரு மாணவியுடன் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. மின்னஞ்சலோ, மெசேஜோ, தொலைபேசியோ கூடாது. கேம்ப் விளம்பரம், கேள்விப் படிவம் போன்றவற்றை மட்டும் அனுப்பலாம். என்சிஏஏ விதிப்படி கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதால் பெயர்ப் பட்டியல் கிடைத்த அத்தனை பேருக்கும் அது போகும்.

இந்த வயதில் கேம்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கல்லூரி மைதானம் எப்படி இருக்கும் என்று பார்க்க, பக்கத்து ஊரில் ஒன்று போதும். பத்தாம் வகுப்பு ஜூன் 15-க்குப் பிறகு, கோச் மகளின் பெயரையும் ஆடும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதியிருந்தால், அல்லது அவள் ஆடிய போட்டி ஒன்றைச் சொல்லி எழுதியிருந்தால் அந்தக் கேம்புக்குச் செலவு செய்யலாம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிக்கு நேரில் அழைக்கவும் அனுமதி உண்டு. அந்த வருடக் கடைசிவரை கேம்ப் விளம்பரம் மட்டுமே வந்துகொண்டிருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 3,000 டாலர் கொடுத்தால் மகளின் விவரத்தை நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு அனுப்புகிறோம் என்று ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம் சொல்கிறது.

பதில்: வேண்டாம். மொத்தமாக வரும் மின்னஞ்சலைக் கோச்சுகள் திறப்பதே அரிது. மகளே தன் பெயரில் எழுதட்டும், அப்பா அம்மா எழுதக் கூடாது. பொருள் வரியில் பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், கிளப் பெயர். உள்ளே ஐந்தாறு வரி: ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), ஏன் இந்தக் கல்லூரி, வரும் போட்டியில் எந்த மைதானம், எத்தனை மணி, ஜெர்சி எண். போட்டிக்குப் பத்து நாள் முன்பு ஒன்று, இரண்டு நாள் முன்பு ஒன்று. கூடவே மூன்று நான்கு நிமிட வீடியோ. முதல் அரை நிமிடத்தில் சிறந்த ஆட்டம் வர வேண்டும், பந்து வருவதற்கு முன்பே அவள் யார் என்று வட்டமிட்டுக் காட்ட வேண்டும், பின்னணி இசை வேண்டாம். கோலை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். பந்தில்லாத நேரத்தில் எங்கே ஓடுகிறாள், பந்தை இழந்த அடுத்த கணம் என்ன செய்கிறாள் என்பதைத்தான் கோச் தேடுவார். அதனால் ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகள் எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். அவளுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். குடியுரிமை தேவையில்லை, வெளிநாட்டு மாணவிகள் பலர் ஆடுகிறார்கள். படிப்பைப் பார்த்துக் கல்லூரி தன் பணத்தில் தரும் மெரிட் உதவியும் பெரும்பாலும் உண்டு. ஃபாஃப்ஸா விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் உதவி எச்-4-க்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால் கல்லூரி நடுவில் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டிவரும்; மாநிலக் கட்டணச் சலுகை அப்போது போகுமா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். பெயர், படத்தை வைத்து விளம்பரப் பணம் வாங்குவதை மட்டும் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அது வேலையாகக் கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு மகளுக்கு ஒரு தனியார் டிவிஷன் 1 கல்லூரி "25 சதவீதம்" என்கிறது. ஒரு டிவிஷன் 2 கல்லூரியும் கேட்கிறது. எப்படி ஒப்பிடுவது?

பதில்: எதில் 25 சதவீதம் என்று கேளுங்கள். டியூஷனிலா, தங்குமிடம் சாப்பாடு சேர்ந்த மொத்தத்திலா? ஓர் உதாரணம். முதல் கல்லூரியில் டியூஷன் 60,000, மொத்தம் 82,000 டாலர். டியூஷனில் 25 சதவீதம் 15,000, மெரிட் 20,000. கையிலிருந்து 47,000. இரண்டாவதில் மொத்தம் 44,000. விளையாட்டு உதவி 10,000, மெரிட் 14,000. கையிலிருந்து 20,000. நான்கு வருடத்தில் வித்தியாசம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். டிவிஷன் 1 என்ற பெயர் அந்த விலைக்குத் தகுமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். மகளின் மதிப்பெண் நன்றாக இருந்தால் பல இடங்களில் மெரிட் பணம் விளையாட்டுப் பணத்தைவிட அதிகமாக வரும், அணியிலிருந்து விலகினாலும் அது பெரும்பாலும் தொடரும். டிவிஷன் 3 கல்லூரிகளும் இந்த வழியில்தான் பணம் தருகின்றன. உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும், கல்லூரித் தளத்திலுள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. கல்லூரியில் சேருவதாக மாணவி கையெழுத்திட்ட பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024-ல் போய்விட்டது; இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தமே பத்திரம். அது ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா என்று பாருங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் காயத்தைக் காட்டியோ ஆட்டம் சரியில்லை என்றோ குறைக்க முடியாது. ஒரு வருட ஒப்பந்தம் என்றால் புதுப்பிப்பதில்தான் சிக்கல் வரும். டிவிஷன் 1-ல் ஆட ஆங்கிலம், கணிதம் போன்ற 16 கோர் பாடங்களும் அவற்றில் 2.3 ஜிபிஏவும் வேண்டும். அவற்றில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பள்ளி கவுன்சலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரி விஷயம் ஒன்று. டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடப் புத்தகம் வரைக்குமான ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி இல்லை; அறை, சாப்பாட்டுக்காக வரும் பகுதிக்கு உண்டு. 529 எனும் வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்பிலிருந்து கிளப் கட்டணம் கட்ட முடியாது. ஆனால் மகளுக்கு வரியில்லா ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதே அளவு தொகையை 529-லிருந்து 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம்; அதிலுள்ள லாபப் பகுதிக்கு மட்டும் வரி உண்டு.