புரண்டு படுத்தால் சுருக்கென்று இழுக்கிறதே!

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 18-வது வாரம். படுக்கையில் சட்டென்று புரண்டாலோ தும்மினாலோ அடிவயிற்றில் வலது பக்கம் சுருக்கென்று இழுக்கிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது. ரத்தப்போக்கு, காய்ச்சல் எதுவும் இல்லை. மாமியார் இதெல்லாம் சகஜம் என்கிறார், அக்காவோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இந்தத் தடவை மாமியார் பக்கம்தான் சாய்கிறேன். கருப்பையின் இரண்டு பக்கமும் தொடை இடுக்கு வரை இறங்கும் தசைநார்கள் உண்டு. கருப்பை பெரிதாகப் பெரிதாக அவை நீண்டு விறைத்து நிற்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் வேகமாகப் புரண்டால் சுண்டி இழுக்கத்தான் செய்யும். வலது பக்கம் மட்டும் வருவதும் வழக்கம்தான். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள். தும்மல் வருகிறதா, இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் குனிந்துகொண்டு தும்முங்கள், இழுப்பு குறையும். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதற்காக அக்கா பேச்சைத் தள்ளிவிடவும் வேண்டாம். வலி பலமாக இருந்தால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மலச்சிக்கலும் வாய்வும் ஆளையே சுருட்டிப் போடும் (கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலை மந்தமாக்குவதால் வருகிற தொல்லை அது), ஆனால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டால் முதல் சில வாரங்களில் வலி லேசாகக்கூடத் தொடங்கலாம். அதனால் வலியோடு கூட என்ன வருகிறது என்று பாருங்கள். ரத்தம் படுவது, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், விடாத வாந்தி, ஓய்வெடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. 20 வாரத்துக்கு மேல் விலா எலும்புக்குக் கீழே வலி, அதோடு தலைவலி, கண் மங்கல் என்றால் ரத்த அழுத்தத்தை அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

அப்புறம், வீட்டில் கிடக்கிற இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: 32-வது வாரம். சாயங்காலமானால் வயிறு முழுக்க கல் மாதிரி இறுகி, பிறகு தளர்கிறது. இது பிரசவ வலியா?

பதில்: பெரும்பாலும் பொய் வலிதான். தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுத்துப் பாருங்கள். முன்பின்னாக வந்து அடங்கிவிட்டால் சரி. அப்படி இல்லாமல் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை என்று கணக்காக வந்தால், இடுப்பு வலியோ நீர்க்கசிவோ சேர்ந்தால், உடனே கிளம்புங்கள், 37 வாரம் முடியுமுன் வரும் வலியைச் சீக்கிரம் காட்டினால்தான் பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடவோ, குழந்தையின் நுரையீரல் முதிர உங்களுக்கு ஊசி போடவோ டாக்டருக்கு அவகாசம் கிடைக்கும். வயிறு இறுகியது தளராமல் அப்படியே நின்றாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் இரவு நேரம் என்று தயங்க வேண்டாம்.