பேயைக் காணவில்லையே, அக்கா?

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘டார்க் ஷாடோஸ்’ என்ற பழைய அமெரிக்கப் பேய்த் தொலைக்காட்சி நாடகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். 30 பகுதிகள் முடிந்தும் பேயைக் காணவில்லை. பெரிய மாளிகை, பணக்காரக் குடும்பம், எந்நேரமும் ஒரு துக்கம். நடிகர்கள் வசனத்தில் தடுமாறுகிறார்கள். இதில் என்னத்தைக் கண்டீர்கள்?
ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பிக்கு,

தடுமாற்றத்தை மன்னித்துவிடுங்கள். 1966 முதல் 1971 வரை, கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 1,225 பகுதிகள். மேடை நாடகம் போல ஒரே ஓட்டத்தில் பதிவு செய்தார்கள். பிழை விட்டால் திரும்ப எடுக்க நேரமோ காசோ இல்லை. இரத்தம் குடிக்கும் பார்னபாஸ் வருவது 1967 ஏப்ரலில், 200 பகுதிகளுக்கும் பிறகு. அவருக்காக நான் பார்க்கவில்லை.

என்னைப் பிடித்து வைத்தது வீட்டுக்கார அம்மா எலிசபெத். 18 வருடமாக அவர் வளவை விட்டு வெளியே போகவில்லை. நிலவறையில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்: கணவரைத் தானே அடித்துக் கொன்றதாகவும், உடல் அந்த அறையில் புதைந்திருப்பதாகவும் நம்பி இருக்கிறார். கடைசியில் தோண்டினால் பெட்டிக்குள் ஒன்றுமில்லை. கணவர் சாகவே இல்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருமுறை தோண்டிப் பார்த்திருந்தால் போதும். 18 வருடம்!

உடனே நினைவுக்கு வந்தது நம் திருகோணமலையின் சுவாமி மலை. கோணேசர் கோயிலடியில் 1687 என்று பொறித்த ஒல்லாந்தர் காலத் தூண் நிற்கிறதல்லவா? காதலன் கப்பலேறிப் போக, பிரான்சினா என்ற பெண் அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்று அம்மம்மா சொல்லுவா. நாடகத்திலும் ஜோசெட் என்ற பெண் அப்படித்தான் குன்றிலிருந்து பாய்கிறாள். ஆனால் பிரான்சினா பிறகும் உயிரோடிருந்து கலியாணம் செய்தாள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியவந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே நெஞ்சு படபடக்கும்.

அப்புறம், எங்கள் ஒழுங்கையில் 1990இல் போரின்போது பூட்டிய வீடு ஒன்று. பிள்ளைகள் நாங்கள் அதைப் ‘பேய் வீடு’ என்றோம். பெரியவர்களும் எங்களைத் திருத்தவில்லை. போனவர்கள் எங்கே என்று தேடுவதைவிட அப்படிச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. பல வருடம் கழித்து அந்த வீட்டு மகள் திறப்போடு வந்தா. எங்கள் படலையில் நின்று, கதவு இறுகிப்போச்சு, கொஞ்சம் தள்ளித் தருவீங்களா என்று கேட்டா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தம்பி, 30இல் நிறுத்த வேண்டாம். ஜேசன் என்ற கப்பல்காரன் வந்து எலிசபெத்தை மிரட்டத் தொடங்கும்வரையாவது பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா