அடி இல்லாத ஆழமும் ஆறடிக் கயிறும்

அன்புள்ள அண்ணா,

ஆழ்கடல் ஆய்வு பற்றிய ஓர் ஆங்கில நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அபிஸ் (abyss), கேஸம் (chasm), வாய்ட் (void) என்று மாறி மாறி வருகின்றன. அகராதியைப் புரட்டினால் சுற்றிச் சுற்றிப் பாதாளம், பெரும்பள்ளம், வெற்றிடம்தான். நானும் பாதி இடங்களில் 'பாதாளம்' என்று போட்டுவிட்டேன். எல்லாம் ஒரே பொருள்தானா? கடலாழத்தைச் சொல்லும் ஃபேதம் (fathom) என்ற அளவை மீட்டராக மாற்றிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

ஒரே பொருள் இல்லை. அகராதி அவற்றை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

அபிஸ் கிரேக்கச் சொல். 'அ' என்றால் இல்லை, 'பிஸ்ஸோஸ்' என்றால் அடி. அடி இல்லாதது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் இருள் கவிந்து கிடக்கும் ஆதி நீருக்கு இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். நம் வேதாகமத்தில் 'ஆழத்தின்மேல் இருள் இருந்தது' என்று வரும். வெறும் 'ஆழம்'. எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதாலேயே அது அடி காணாமல் போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத மொழிபெயர்ப்பு அது.

பாதாளம் அப்படியல்ல. அது ஓர் ஊர். கீழுலகம் ஏழில் கடைசி. அங்கே நாகர்கள் வாழ்கிறார்கள், வாசுகி இருக்கிறான். இறங்கிப் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். சேர முடிகிற இடத்தின் பெயரை அடியே இல்லாத ஒன்றுக்கு வைக்கலாமா? ஆனால் நாம் தினமும் சொல்லும் 'அதலபாதாளம்' இருக்கிறதே, அதன் முன்பாதியைப் பாருங்கள். அதலம் அந்த ஏழில் முதலாவது உலகம். வடமொழியில் அந்தப் பெயருக்குத் 'தலம் இல்லாதது', அதாவது அடியற்றது என்று பொருள். அபிஸ் கட்டப்பட்ட அதே விதம்! தக்காளி விலை இறங்கியதற்கெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். உங்கள் நூலில் 'அடியிலி ஆழம்' என்றோ வெறும் 'ஆழம்' என்றோ எழுதிப் பாருங்கள்.

கேஸம் வேறு குடும்பம். வாய் பிளப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. அதற்கு அடி இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லை, இரண்டு கரை இருக்க வேண்டும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், இறந்த பிறகு லாசரு ஒரு பக்கமும் பணக்காரன் ஒரு பக்கமும் இருக்க, நடுவில் ஒன்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது காஸ்மா. தமிழில் 'பெரும்பிளப்பு'. இந்தப் பக்கத்தவன் அந்தப் பக்கம் போக முடியாது என்பதுதான் அங்கே வலி. ஆக, கேஸம் வந்தால் பிளப்பு, பிளவு. பள்ளம் என்று எழுதினால் அக்கரை மறைந்துவிடும். (பெருங்குழப்பத்தைக் குறிக்கும் கேயாஸும் (chaos) இதே வாய்பிளப்பிலிருந்து வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் அதிலிருந்துதான் கேஸ் என்ற சொல்லை உண்டாக்கினார். நம் அடுப்படி சிலிண்டர் வரைக்கும் வந்துவிட்டது.)

வாய்ட் என்றால் காலி. ஆழம் தேவையில்லை. 'வெற்றிடம்' என்பதை இயற்பியலின் வேக்குவத்துக்கு விட்டுவிடுங்கள், பாடநூல்களில் அது அங்கே உட்கார்ந்துவிட்டது. வாய்டுக்கு நம்மிடம் 'பாழ்' இருக்கிறது. பாழ் வீடு என்றால் ஆள் இருந்திருக்க வேண்டிய வீடு. 1981இல் வானியலாளர்கள் பூஓட்டீஸ் விண்மீன் கூட்டம் இருக்கும் திசையில், அதற்கும் வெகு தொலைவுக்கு அப்பால், ஒரு மாபெரும் வாய்டைக் கண்டார்கள். குறுக்களவு சுமார் 33 கோடி ஒளியாண்டு. அவ்வளவு இடத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் இருக்க வேண்டும், சில டஜன்கள்தான் தென்பட்டன. பாழ் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஃபேதம். இதற்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரித்த கைகள், அணைப்பு என்று பொருள். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஆறடி. பிறகு ஆழம் பார்ப்பது என்றாகி, ஒன்றைப் புரிந்துகொள்வது என்றும் ஆயிற்று.

குமரிக் கடற்கரையில் ஒரு பெரியவர் கயிறு அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடக்கையில் கயிற்றின் நுனி. வலக்கை அதை இழுத்துக்கொண்டே போகிறது, கயிறு நெஞ்சை உரசிக்கொண்டு முழு நீளம் விரிகிறது. வாய்க்குள் 'ஒண்ணு' என்கிறார். கைகள் சேர்கின்றன, மறுபடி விரிகின்றன. கயிற்றின் உப்புநீர் பட்டு சட்டையின் நெஞ்சுப்பகுதி மட்டும் நனைந்திருந்தது. அந்த ஒன்றுக்குப் பெயர் பாகம். ஃபேதத்துக்கு அணு பிசகாத தமிழ் அது.

1875 மார்ச் 23 அன்று, சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பலில் இருந்தவர்கள் பசிபிக் கடலின் மரியானா அகழிக்கு மேலே நின்று, எடை கட்டிய கயிற்றை இறக்கினார்கள். 4,475 ஃபேதம் போய்த்தான் தரை தட்டியது. எட்டாயிரத்துச் சொச்சம் மீட்டர். உங்கள் நூலில் இந்த நாள் கட்டாயம் வரும். அந்த இடத்தில் மீட்டரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளுங்கள், வாக்கியத்தில் '4,475 பாகம்' என்றே எழுதுங்கள். பாதாளம் என்று போட்ட பக்கங்களையும் அப்புறம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருத்திய அத்தியாயத்தை அனுப்பினால் சந்தோஷமாகப் படிப்பேன்.

அன்புடன்.