“கூட நிற்க ஆள் இல்லை, குழுவை மூடிவிடவா?”

கேள்வி: திருச்சியில் எங்கள் குடியிருப்புப் பகுதியில் ஆறு வருஷமாக ஒரு சாரணர் ஓப்பன் குரூப் நடத்துகிறேன். எந்தப் பள்ளியோடும் சேராத குழு. பள்ளி நாட்களில் நானும் சாரணர்களுக்கான ராஷ்டிரபதி விருது வாங்கியவன். இப்போது தனியார் கம்பெனியில் வேலை. மணப்பாறையில் நடந்த ஜம்போரி என்ற பெரிய சாரணர் முகாமுக்குப் பிறகு சேர்க்கை கூடி, இன்று பையன்கள் 38, பெண் பிள்ளைகள் 14. ஆனால் கூட நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தலைவராக, கைடு கேப்டனாக இருந்தவர் கல்யாணமாகி பெங்களூரு போய்விட்டார். துணைக்கு இருந்த நண்பர் ஷிஃப்ட் மாறியதிலிருந்து வருவதில்லை. ஞாயிறு காலைக் கொடியேற்றத்திலிருந்து கடைசிப் பிள்ளையை வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போகும் வரை நான் ஒருவன்தான். பெற்றோர் கேட்பதெல்லாம் “சர்டிபிகேட் எப்போ சார்?” குழுவை ஆரம்பித்த பெரியவர் வாராவாரம் வந்து பிள்ளைகள் முன்னாலேயே குறை சொல்கிறார். போன மாதம் முகாம் கட்டணக் கணக்கு கேட்டு வாட்ஸ்அப்பில் சண்டை. அடுத்த மாதம் மூன்று நாள் முகாம் வைத்திருக்கிறேன். நடத்தவா, இல்லை குழுவையே மூடிவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: மூட வேண்டாம். முகாமைத் தள்ளிவையுங்கள்.

முகாமைத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உங்கள் களைப்பு இல்லை. கேப்டன் போய்விட்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கடிதத்திலேயே அவசரமான வரி அதுதான். 14 பெண் பிள்ளைகளை ஓர் ஆண் தனியாக வைத்து நடத்துவது, அதுவும் இரவு தங்கும் முகாமுக்குக் கூட்டிப்போவது, எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் கூடாது. சாரணியர் பிரிவுக்குப் பெண் தலைவர்தான் வேண்டும் என்பது இயக்கத்தின் அடிப்படை ஏற்பாடு. அவர் கிடைக்கும்வரை அந்தப் பிரிவின் கூட்டம், ஒரு தாயோ வேறு பெரிய பெண்ணோ முழு நேரமும் உடன் இருக்கும் நாளில் மட்டும் நடக்கட்டும். ஒருவரும் வராத ஞாயிறு அவர்களுக்குக் கூட்டம் இல்லை என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நாலு வாரம் இப்படிப் போனால் பெற்றோருக்கே புரிந்துவிடும். பிரச்சினை உங்கள் தலையில் மட்டும் இருக்கும்வரை அது அவர்கள் கண்ணில் படாது.

பையன்கள் பக்கமும் எந்த நேரத்திலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 17 வயது திரிசாரணரை, அதாவது மூத்த பிரிவுப் பையனை, “அவன்தான் பெரிய பையனாச்சே” என்று இரண்டாவது ஆளாகக் கணக்கில் சேர்ப்பார்கள். போக்சோ சட்டப்படி 18 நிறையாத எவரும் குழந்தைதான். அவனும் உங்கள் பாதுகாப்பில் இருப்பவன்; அவனைக் காவலுக்கு வைக்க முடியாது. அதே சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களைப் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றன. ஓப்பன் குரூப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், உங்களுடையதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். முதலில் உங்கள் சான்றை நீட்டினால் மற்றவர் கோபித்துக்கொள்ள இடமிருக்காது. பிள்ளைகள் மீதான பாலியல் தவறு ஒன்று காதுக்கு வந்தால் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். அமைப்பின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்யவையுங்கள்.

மிகையாகச் சொல்வதாகத் தோன்றினால் அமெரிக்காவைப் பாருங்கள். சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் வழக்குகள் குவிய, அங்குள்ள பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு 2020இல் திவால் மனு போட்டது. அதன் பிறகு இழப்பீடு கோரி முன்வந்தவர்கள் 82,000-க்கும் மேல். தீர்வு நிதி 246 கோடி டாலர். நூறாண்டு கண்ட அமைப்பு அது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஆள் நிற்கவில்லை என்கிறீர்கள். வருகிறவருக்கு உங்களிடம் என்ன வேலை இருக்கிறது? கடிதத்தைப் படித்தால், கொடி கட்டுவது, வருகைப் பதிவு, முடிச்சு கற்றுக்கொடுப்பது, விளையாட்டு, கட்டணம் வாங்குவது, வாட்ஸ்அப் பதில் எல்லாம் உங்கள் கையில். உங்கள் நண்பர் வந்த நாட்களில் பெரும்பாலும் ஓரமாக நின்றிருப்பார். ஷிஃப்ட் மாறியது ஒரு சாக்காகக்கூட இருக்கலாம். இந்த வேலைகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளே செய்ய வேண்டியவை. அதை முதலில் அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஒருமுறை எழுதினார்: ஒவ்வொரு பையனின் குணத்தையும் அறிந்து வளர்க்க வேண்டுமென்றால் தன்னால் 16 பேரைத்தான் சமாளிக்க முடிந்தது, மற்றவர்கள் தன்னைப்போல் இரண்டு மடங்கு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டு, ஒரு படைக்கு 32 என்று வரம்பு சொல்கிறேன் என்று. குறும்புக்கார மனிதர். நீங்கள் 38 பேரோடு ஒற்றையாக நிற்கிறீர்கள். புதுச் சேர்க்கையை இன்றே நிறுத்துங்கள். காத்திருப்போர் பட்டியல் போடுங்கள். இரண்டாவது சாரண ஆசிரியர் உறுதியானதும் இரண்டு படையாகப் பிரிக்கலாம். அதுவரை 38 பேரும் ஐந்து அணிகள், அணிக்கு ஏழெட்டுப் பேர்.

அணி முறை உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் நம் ஊரில் பல படைகளில் அணி என்பது வரிசையில் நிற்பதற்கும் அணிக்கொடி பிடிப்பதற்கும் மட்டும்தான். உங்கள் மைதானத்தில் இப்போது என்ன நடக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். 38 பேரும் அரைவட்டமாக நிற்க, நீங்கள் கயிற்றை உயர்த்திப் பிடித்து க்ளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டுக் காட்டுவீர்கள். இரண்டாவது வரிசைக்கு உங்கள் விரல் தெரியாது. தெரிந்தாலும், எதிரில் நிற்பவனுக்கு இடம் வலமாகத் தெரியும். பத்து பேர் போடுவார்கள், மற்றவர்கள் கயிற்றால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள், நீங்கள் விசில் ஊதுவீர்கள்.

இதை மாற்ற ஒரு மணி நேரம்தான் வேண்டும், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்து அணித்தலைவர்களையும் அவர்களின் துணைத்தலைவர்களையும் மட்டும் வரச்சொல்லுங்கள். அந்தப் பத்துப் பேருக்கு மறுநாள் பாடத்தை நீங்கள் கற்றுக்கொடுங்கள். ஞாயிறு ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு அணித்தலைவன் தன் அணிக்குச் சொல்லிக்கொடுப்பான். சிலர் தப்பாகச் சொல்லிக்கொடுப்பார்கள், ஷீட் பெண்ட் முடிச்சைத் தலைகீழாகக் கட்டுவார்கள். ஓடிப்போய்த் திருத்தாதீர்கள். அடுத்த சனிக்கிழமை அந்த அணித்தலைவனிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். வருகைப் பதிவு, அணிச் சந்தா, கயிறு கம்பு எண்ணி வைப்பது எல்லாம் அணியின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகட்டும்.

அதே சனிக்கிழமை கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷம் கோர்ட் ஆஃப் ஆனர், அதாவது அணித்தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் அவை. தலைமை மூத்த அணித்தலைவனுக்கு. நீங்கள் ஆலோசகர் மட்டும். தாமதமாக வருபவனை என்ன செய்வது, முகாமில் என்ன சமைப்பது, யாருக்கு எந்த வேலை, எல்லாம் அங்கே முடிவாகட்டும். பாதுகாப்பும் பணமும் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். மற்றதில் அவர்கள் எடுத்த முடிவு சுமாராக இருந்தாலும் நடக்க விடுங்கள். உப்பு வாங்க மறந்த அணி, உப்பில்லாத சாம்பாரை ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த முகாமுக்குப் பட்டியல் தானாக எழுதிக்கொண்டு வரும்.

இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் காற்று வரும். பெற்றோரிடம் போக அதுதான் நேரம்.

கல்யாண வீட்டில் “எல்லாரும் கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று சொன்னால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். “மாமா, ரெண்டாவது பந்தி உங்க பொறுப்பு” என்றால் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். வாட்ஸ்அப்பில் “தன்னார்வலர்கள் தேவை” என்று போடுவது முதல் வகை. ஆளைப் பார்த்து, நேரில், முடிகிற தேதியோடு கேட்க வேண்டும். உதாரணமாக, ஒரு தாய் நர்ஸ் என்று தெரிந்தால்: “அக்கா, மாசத்துல ரெண்டாவது ஞாயிறு மட்டும், ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும். முதலுதவிப் பாடம் நீங்க எடுக்கணும். இந்தத் தடவை முக்கோணக் கட்டும் சுளுக்குக் கட்டும் மட்டுந்தான். பரீட்சை தொடங்கினா நிறுத்திடலாம்.” இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. பரீட்சை முடிந்ததும் நீங்களே போய் நன்றி சொல்லி, தொடர விருப்பமா என்று கேளுங்கள். உலக சாரணர் அமைப்பு பெரியவர்களைப் பற்றி வகுத்திருக்கும் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: முதலில் இன்ன வேலை, இவ்வளவு காலம் என்று ஒப்பந்தம், காலம் முடிந்ததும் உட்கார்ந்து பேசி, தொடர்வதா, வேறு பொறுப்புக்கு மாறுவதா, விடைபெறுவதா என்று முடிவு. “வந்தா விடமாட்டாங்க” என்ற பயம்தான் பாதிப் பேரைக் கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்காரவைக்கிறது.

அடுத்த கேப்டனையும் இந்தத் தாய்மார்களில் தேடுங்கள், அல்லது கல்லூரி முடித்த முன்னாள் சாரணியரில் தேடுங்கள். ஆள் கிடைத்ததும் மாவட்ட அமைப்பிடம் பேசி தலைவர்களுக்கான அடுத்த பேசிக் கோர்ஸ் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள், குழுச் செலவில். பயிற்சி இல்லாமல் விசிலைக் கையில் கொடுத்தால் நாலாவது வாரம் நின்றுவிடுவார். உங்கள் நண்பரையும் விடாதீர்கள். வாராவாரம் வர முடியாதவர், சரக்கறைப் பொறுப்பையோ முகாம் சாமான் வாடகையையோ பார்க்கலாமே.

சான்றிதழ் கேட்கும் பெற்றோர் மேல் கோபப்படாதீர்கள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலை இருப்பது பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கும் ஊரில் யாருக்குத் தெரியாது? ராஷ்டிரபதி விருதுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது, ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் பிரவேஷ் என்ற நுழைவுப் படியிலிருந்து ஒவ்வொரு சோபானாக (படியாக) ஏறித்தான் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது, அதற்குப் பிறகுதான் ராஷ்டிரபதி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச காலம் உண்டு. இதைப் பிள்ளைவாரியாக ஒரு சார்ட்டில் எழுதி மைதானத்தில் மாட்டுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, என்ன பாக்கி என்று தெரிந்தால் கேள்வி நிற்கும். செய்ததைப் பதியும் லாக் புத்தகம் எழுதாத பிள்ளைக்குக் கையெழுத்து இல்லை என்பதில் மட்டும் வளைந்துகொடுக்காதீர்கள்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்லும் குறைகளில் சில சரியாக இருக்கும் என்பது என் சந்தேகம், நேரில் பார்க்காமல் சொல்வதற்கு மன்னியுங்கள். 52 பிள்ளைகளை ஒருவர் நடத்தும் இடத்தில் குறை இல்லாமல் இருக்காது. அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மைதானத்திலோ வாட்ஸ்அப்பிலோ வேண்டாம். இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று: “ஐயா, பிள்ளைங்க முன்னாடி சொல்லாதீங்க, கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க.” இரண்டு: அவர் கையில் ஒரு வேலை. முடிச்சுச் சோதனையும் கம்புக் கட்டுகளும் அவர் பார்த்துச் சரி என்றால்தான் சரி என்று ஆக்கிவிடுங்கள். குழுவை உருவாக்கியவருக்கு அங்கே ஒரு நாற்காலி இல்லாவிட்டால், நின்றுகொண்டு குறைதான் சொல்லுவார். வேலையை ஏற்ற பிறகும் பிள்ளைகள் முன்னால் தொடர்ந்தால், குழுக் கமிட்டியில் வைத்துப் பேசி, கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். அதை நீங்கள் தனியாகச் சொல்லக் கூடாது.

குழுக் கமிட்டி என்று ஒன்று உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. மூன்று பெற்றோர், அந்தப் பெரியவர், நீங்கள் போதும். கணக்குச் சண்டையும் இதில் முடிந்துவிடும். இப்போது கட்டணம் உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு வருகிறது என்றே நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் கைக்காசு போட்டிருந்தாலும் சந்தேகம் உங்கள் மேல்தான். குழுப் பெயரில் இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு ஆரம்பியுங்கள். பொருளாளர் ஒரு பெற்றோர். போன மாதம் சத்தமாகக் கேட்டாரே, அவரையே கேட்டுப் பாருங்கள். ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு. வாட்ஸ்அப்பை அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள்.

முகாம் எப்போது? ஒவ்வொரு பிரிவுக்கும் வாரண்ட் (சாரணர் அமைப்பு தரும் நியமனச் சான்று) உள்ள தலைவர் ஒருவரும், இரவு முழுக்கத் தங்கும் இன்னொரு பெரியவரும் எழுத்தில் உறுதி தந்த பிறகு. பெண் பிள்ளைகளுக்கு அந்த இருவரும் பெண்களாக. பெற்றோர் ஒப்புதல் கடிதம், மாவட்ட அமைப்பின் அனுமதி, பிள்ளைவாரியாக ஒவ்வாமை மற்றும் மருந்து விவரம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இரவில் போக வண்டி. காவிரியிலோ வாய்க்காலிலோ இறங்குவது நிரலிலேயே இருக்கக் கூடாது, முகம் கழுவக்கூட. மழைக்காலத்தை விட்டு, தை பிறந்த பிறகு ஒரு சனி ஞாயிறு பாருங்கள். முதல் தடவைக்கு ஓர் இரவு போதும், மூன்று நாள் வேண்டாம். சமையல் பட்டியலை அணித்தலைவர்களிடம் கேளுங்கள்.