முதல் தடவை சர்ச் மார்க்கெட்டிங் மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சர்ச் மார்க்கெட்டிங் என்றால் கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஒரு தளத்தைக் கண்ணில் படவைக்கும் வேலை. காசு கொடுத்துச் செய்தால் விளம்பரம், கொடுக்காமல் தேடல் முடிவுகளில் மேலே கொண்டுவந்தால் எஸ்.இ.ஓ. இத்தனை வருடத்தில் இந்தத் துறையில் பத்துப் பன்னிரண்டு மாநாடுகள் போயிருக்கிறேன். இரண்டில் மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் இங்கே.

எஸ்.இ.ஓ.வுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது சார். எஸ்.எம்.எக்ஸ்., பிரைட்டன் எஸ்.இ.ஓ. என்று பெயர்கள் மட்டும் தெரியும். எதற்குப் போகலாம்?

எஸ்.எம்.எக்ஸ். 2007இல் தொடங்கியது. விளம்பரம், எஸ்.இ.ஓ. இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் பெயரில் 'அட்வான்ஸ்டு' என்று ஒட்டியிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கனானிகல் (ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் எது மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குக் காட்டும் குறி) என்றால் என்ன என்று அங்கே யாரும் நின்று விளக்க மாட்டார்கள். பிரைட்டன் எஸ்.இ.ஓ. ஒரு பப்பின் மாடி அறையில் சிறு கூட்டமாகத் தொடங்கி வளர்ந்தது, பேச்சுகள் குறுகியவை, புதியவர்களுக்குச் சரிப்படும். கூகுளே நடத்தும் சர்ச் சென்ட்ரல் லைவ் உங்களுக்கு எட்டும் தூரத்தில் நடந்தால் முதலில் அதற்குப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது.

ஸ்லைடு எல்லாம் மறுநாளே இணையத்தில் வந்துவிடுகிறதே, நேரில் எதற்கு?

நியாயமான கேள்வி. செய்திக்காகப் போவதென்றால் போகவே வேண்டாம். 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கனானிகல் டேகை அறிவித்தபோது, அன்றைக்கே அது அவர்கள் வலைப்பதிவுகளிலும் வந்துவிட்டது. "என் தளத்தில் இப்படி இருக்கிறதே, என்ன செய்ய?" என்று ஒருவரை நிறுத்திக் கேட்பது மட்டும்தான் ஸ்லைடில் வராது.

அதனால் போகும்போது உங்கள் சொந்தப் பிரச்சினை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். "ரேங்க் ஏற என்ன வழி?" என்று கேட்டால் "நல்ல உள்ளடக்கம் எழுதுங்கள்" என்றுதான் பதில் வரும். எத்தனை பக்கம், அதில் எத்தனை இன்டெக்ஸ் ஆகவில்லை (கூகுளின் தேடல் பட்டியலில் சேரவில்லை), எப்போதிலிருந்து, அந்த வாரம் தளத்தில் என்ன மாற்றினீர்கள், இவ்வளவும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

என் கதையையே சொல்கிறேன். தேடலில் வரக்கூடாத பக்கங்களுக்குள்ளே நோஇன்டெக்ஸ் ('இதைத் தேடலில் காட்டாதே' என்ற குறி) போட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ரோபோட்ஸ் கோப்பிலும் (எந்தப் பக்கங்களுக்குள் வரக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு) அவற்றைத் தடுத்து வைத்திருந்தேன். முகவரிகள் தேடலில் வந்துகொண்டே இருந்தன. ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காபி வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே சுவரில் எழுதியிருப்பதைப் படி என்றால் கூகுள் எப்படிப் படிக்கும்?" அவ்வளவுதான் விஷயம்!

யாரிடமும் போய்ப் பேச எனக்குக் கூச்சம். என்ன செய்யட்டும் அண்ணா?

பாதிப் பேருக்கு அதே கூச்சம்தான் தம்பி. "நீங்கள் இன்ஹவுஸா, ஏஜென்சியா?" என்று கேளுங்கள், அதாவது சொந்த நிறுவனத்தின் தளத்தைப் பார்ப்பவரா, பல கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்பவரா என்று. இந்தத் துறையில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் முதல் கேள்வி அது, யாருக்கும் விநோதமாகப் படாது. பேச்சாளரை மேடையடியில் மொய்ப்பதைவிட, சாப்பாட்டு மேசையில் தெரியாதவர் பக்கத்தில் உட்காருவது மேல்.

மேடையில் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். "இதைச் செய்தோம், டிராஃபிக் இரண்டு மடங்கானது" என்றால், அது எத்தனை தளத்தில் நடந்தது, அதே சமயம் கூகுளின் கோர் அப்டேட் (தேடல் வரிசையையே மாற்றும் பெரிய திருத்தம்) ஏதும் வந்ததா, சீசன் காரணமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே தளத்தின் கதையை விதியாகச் சொல்பவர்கள் நிறைய. ஸ்பான்சர் அமர்வுகளில் கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் டூலின் விளம்பரம்தான். போகவே கூடாது என்றில்லை, தெரிந்துகொண்டு போங்கள்.

மேடையிலேயே தளத்தை அலசும் அமர்வுக்கு எங்கள் கிளையன்ட் தளத்தைக் கொடுக்கலாமா?

கிளையன்ட் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். ஒருமுறை பப்கான் என்ற மாநாட்டில், அப்போது கூகுளில் ஸ்பேம் தடுப்பைக் கவனித்துவந்த மேட் கட்ஸ் இப்படி அலசியபோது, அந்தத் தளத்துக்காரர் நடத்திய மற்ற தளங்களையும் சேர்த்தே எடுத்துப் பேசினார். தேடலில் ஏறுவதற்காக எப்போதோ காசு கொடுத்து வாங்கின லிங்க் எங்காவது கிடந்தால் நூறு பேர் முன்னால் அது வெளியே வரும். தனிப்பேச்சிலும் கிளையன்ட் பெயர், விளம்பர பட்ஜெட் இரண்டையும் வாயில் எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் போட்டி ஏஜென்சியாக இருக்கலாம்.

என்ன உடை? லேப்டாப் வேண்டுமா?

கசங்காத சட்டை போதும், கோட் தேவையில்லை. புது ஷூ மட்டும் வேண்டாம், நாள் முழுக்க நடை. லேப்டாப் அறையிலேயே இருக்கட்டும், நோட்டும் பேனாவும் போதும்.

திரும்பியதும் மேனேஜர் ரிப்போர்ட் கேட்கிறார். முப்பது பக்கக் குறிப்பு இருக்கிறது!

அதை அப்படியே அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். நம் தளத்தில் இந்த மாதமே செய்யக்கூடிய இரண்டு மூன்று வேலைகள், ஒவ்வொன்றையும் யார் செய்வது, அதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஊர் திரும்பும் வழியிலேயே எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை மெயிலைத் திறந்த பிறகு உட்கார்ந்தால், உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.