எமில் கோஸ்டாடினோவ்: பாரிஸ் இரவும் அதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: அண்ணா, பல்கேரியக் கால்பந்து என்றாலே எல்லோரும் முன்கள வீரர் ஸ்டோய்ச்கோவ் பேரைத்தான் சொல்கிறார்கள். கோஸ்டாடினோவ் யார்?

பதில்: 1967-ல் சோபியாவில் பிறந்தவர், வலது ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர். சி.எஸ்.கே.ஏ. சோபியா கிளப்பில் ஸ்டோய்ச்கோவ், லுபோஸ்லாவ் பெனேவ், இவர் என்று மூன்று பேரும் சேர்ந்து ஆடியவர்கள். 1989-ல், ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை வென்றோர் கோப்பையில் அரையிறுதி வரை போய் பார்சிலோனாவிடம் தோற்றார்கள். 1990-ல் இவர் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்குப் போய் இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். ஸ்டோய்ச்கோவின் நிழலில் இவரை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: 1993 பாரிஸ் ஆட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது? அப்பா இன்னமும் அதைப் பற்றியே பேசுவார்.

பதில்: அப்பா பேசுவதில் நியாயம் இருக்கிறது. 1993 நவம்பர் 17, பார்க் தே பிரின்ஸ் மைதானம். 1994 உலகக் கோப்பைக்குப் போக பிரான்சுக்கு டிரா போதும், பல்கேரியா ஜெயித்தே ஆகவேண்டும். கோஸ்டாடினோவுக்கும் பெனேவுக்கும் விசா இல்லாமல், ஜெர்மனி வழியாகக் காரில் பிரான்சுக்குள் வந்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

32-வது நிமிடம் பிரான்சின் கான்டோனா கோல் அடித்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் சக வீரர் பலக்கோவின் கார்னரை கோஸ்டாடினோவ் தலையால் முட்டி சமன் செய்தார். அப்படியே கடைசி நிமிடம் வரை 1-1. பல்கேரியாவின் மூலையில் பிரான்சுக்கு ஃப்ரீ கிக். பிரான்சின் ஜினோலா பந்தை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். அவர் குறுக்கே தூக்கி அடித்தார், பந்து எல்லோரையும் தாண்டிப் போய்விட்டது. பல்கேரியா உடனே முன்னால் ஏறியது. பெனேவ் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே மெல்ல ஒரு பாஸ் கொடுத்தார். வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்த கோஸ்டாடினோவ் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. கோணம் குறுகிக்கொண்டே போகிறது, பிரான்சின் தடுப்பாட்டக்காரர் ரோஷ் பக்கத்தில் நெருங்கிவிட்டார். வலது காலால் ஓங்கி ஒரே அடி. குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு வலைக்குள் போனது. கோல்கீப்பர் லாமாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேள்வி: தோல்விக்கு ஜினோலாதான் காரணமா?

பதில்: பிரான்சின் பயிற்சியாளர் ஹூலியே அப்படித்தான் வெளிப்படையாகச் சாடினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு மாதம் முன்னால் சொந்த மண்ணில் இஸ்ரேலிடம் 2-3 என்று தோற்றதும் அதே அணிதான். பந்து போன பிறகு பின்னால் ஓடி வரவேண்டியவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: 94 உலகக் கோப்பையில் எத்தனை கோல் அடித்தார்?

பதில்: ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 16 ஆட்டம் ஆடி ஒன்றிலும் ஜெயிக்காத பல்கேரியா அந்த முறை அரையிறுதிக்கே போனது. கோல்கள் பெரும்பாலும் ஸ்டோய்ச்கோவுடையவை. ஆனால் பாரிஸில் அந்தப் பந்து வெளியே போயிருந்தால் அமெரிக்காவுக்கே போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி: 13 வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் சார். என் ரைட் விங்கருக்கு இவரிடமிருந்து எதைக் காட்டலாம்?

பதில்: அந்த இரண்டாவது கோலைக் காட்டுங்கள். ஆனால் அடியைப் பார்க்கச் சொல்லாதீர்கள், அதற்கு முந்தைய ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ் வரட்டும் என்று இவர் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார். நம் பையன்கள் பந்து காலுக்கு வரட்டும் என்று கோட்டோரம் நின்றுவிடுகிறார்கள், பாஸ் வந்த பிறகுதான் ஓடுகிறார்கள். பிறகு முதல் கோல். விங்கர்தான், ஆனாலும் கார்னருக்கு பாக்ஸுக்குள் வந்து முட்டுகிறார். தலையால் முட்டுவதை மட்டும் இந்த வயதில் குறைவாக வையுங்கள், லேசான பந்து போதும்.

கேள்வி: ஜெர்மனியின் பேயர்ன் கிளப்பிலும் ஆடினாரா?

பதில்: ஆமாம். 1996-ல், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஏஃபா கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டம், பிரான்சின் போர்டோ நகரத்தில். 3-1 என்று பேயர்ன் ஜெயித்ததில் ஒரு கோல் இவருடையது. அதற்கு முந்தைய ஆண்டு சோபியாவில் பல்கேரியாவுக்கு எதிராக ஜெர்மனி 2-0 என்று முன்னால் இருந்தது. ஸ்டோய்ச்கோவ் இரண்டு பெனால்டி அடித்து சமன் செய்ய, 3-2 ஆக்கிய கோலும் இவருடையதுதான்.

கேள்வி: உலகக் கோப்பையில் கடைசிவரை கோலே இல்லையா?

பதில்: இருக்கிறது. 1998-ல், பாரிஸில் வீழ்த்திய அதே பிரான்சின் மண்ணில், லான்ஸ் நகரத்தில், ஸ்பெயினுக்கு எதிராக. அன்று பல்கேரியா 1-6 என்று தோற்றது. அந்தத் தொடரில் பல்கேரியா அடித்த ஒரே கோல் அதுதான்.